புதுவையில் புதிய உணவகங்கள்: மூன்று நாள் விருந்து

புதுவை நகரில் அண்மைக் காலமாகப் புதிய உணவகங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கப்பட்டு வருகின்றன. கடற்கரையை ஒட்டிய பழைய பிரெஞ்சு மாளிகைகளில் சில. நூறடிச் சாலையின் ஓரங்களில் சில. முல்லா வீதியைச் சுற்றி நம் மக்கள் வாழும் வீதிகளில் சில. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் வாயிலில் சற்று நேரம் நின்றால், "அந்தப் புதுக் கடைக்குப் போனீர்களா? எப்படி இருக்கிறது?" என்னும் வினா நம் செவியில் விழாமல் இருப்பதில்லை. குடும்பத்தோடு வெளியே சென்று உண்பது ஆண்டுக்கு ஓரிரு முறை நிகழும் அரிய நிகழ்ச்சியாக இருந்த காலம் போய், மாதம் ஓரிரு முறை நிகழும் வழக்கமாக அது மாறிவிட்ட நிலையில், இவ்வினா நியாயமானதே. ஆகவே மூன்று புதிய உணவகங்களில் உண்டு, நாம் கண்டதை வாசகர் முன் வைக்கலாம் என எண்ணினோம்.

எழுத அமர்ந்தபோதுதான் ஒரு தடை எழுந்தது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எந்த உணவையும் ஒருபோதும் குறை கூறியதில்லை. விரும்பினால் உண்டார்கள், விரும்பாவிடில் விட்டுவிட்டார்கள் என்று அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான செய்தி இது. வீட்டில் வினிகரைத் தவிர வேறு தொடுகறி இல்லை என்றபோது, அந்த வினிகரையே நல்ல தொடுகறி எனப் பாராட்டி உண்டதாகவும் முஸ்லிமில் காண்கிறோம். இத்தகைய முன்மாதிரியைப் பின்பற்றுவதாகச் சொல்லிக்கொள்ளும் நாம், உணவைப் பற்றி விமர்சனம் எழுதுவது எங்ஙனம் தகும்?

இதற்கு விடையும் அந்த முன்மாதிரியிலேயே இருக்கிறது. கடைத்தெருவில் தானியக் குவியல் ஒன்றைக் கண்ட நபிகளார் (ஸல்) அதனுள் கையை நுழைத்துப் பார்த்தார்கள், உள்ளே ஈரம். மழையில் நனைந்துவிட்டது என்று வணிகர் சொன்னபோது, நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாமே என்று கேட்டு, ஏமாற்றுபவரைத் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று விலக்கினார்கள். ஆக, அன்போடு இடப்பட்ட சோற்றைக் குறை கூறுவது வேறு; விலைக்கு விற்கப்படும் பொருளின் நேர்மையை ஆராய்வது வேறு. முன்னது நன்றி மறத்தல். பின்னது வாங்குவோர்க்குச் செய்யும் கடமை. உணவக விமர்சனம் இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட எல்லைக் கோட்டின்மேல் நடப்பது. அக்கோட்டில் நாமும் ஒருமுறை கால் தவறினோம். அதனைப் பின்னர்ச் சொல்வோம்.

உணவக விமர்சனம் என்னும் இத்துறை, புதுவையோடு நெடுங்காலம் தொடர்பு கொண்டிருந்த பிரான்சு நாட்டில் பிறந்தது. 'ரெஸ்டாரண்ட்' என்று நாம் வழங்கும் சொல் முதலில் ஒரு கடையைக் குறிக்கவில்லை. தளர்ந்த உடலைத் தேற்றும் இறைச்சிச் சாற்றைக் குறித்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரிஸ் நகரில் அச்சாற்றை விற்ற கடைகளுக்கே அப்பெயர் நிலைத்தது. 1803ஆம் ஆண்டில் கிரிமோ தெ லா ரெய்னியேர் என்பவர் பாரிஸின் உணவுக் கடைகளை மதிப்பிட்டு ஆண்டு மலர் ஒன்றை வெளியிடத் தொடங்கினார். வணிகர்கள் தத்தம் பண்டங்களை அவருக்கு அனுப்பிவைப்பர். அவரும் நண்பர்களும் கூடி உண்டு தீர்ப்பு வழங்குவர். இலவசமாக வந்ததை உண்டு எழுதிய தீர்ப்பின்மேல் அன்றே ஐயமும் எழுந்தது. நாம் மூன்று உணவகங்களிலும் நம் பெயரைச் சொல்லாமல் சென்று, பில்லுக்குரிய தொகையைச் செலுத்தியே உண்டோம் என்பதை இவ்விடத்தில் குறிப்பிடுவது முறையாகும்.

முதலாவது உணவகம் கடற்கரைப் பக்கத்து வெள்ளை நகரில், மஞ்சள் வண்ணம் பூசிய பழைய மாளிகை ஒன்றில் அமைந்தது. உயர்ந்த கதவுகள், முற்றத்தில் ஒரு மாமரம், அதன் நிழலில் மேசைகள். கட்டடத்தை இடித்து அடுக்குமாடி எழுப்பாமல் பேணிக் காத்ததற்காகவே உரிமையாளரைப் பாராட்ட வேண்டும். ஆனால் கையில் தரப்பட்ட உணவுப் பட்டியலில் பிரெஞ்சும் ஆங்கிலமும் இருந்தன. தமிழ் ஓர் எழுத்தும் இல்லை. வாயிலுக்கு வெளியே வீதியின் பெயரைத் தாங்கிய நீலப் பலகையில்கூடத் தமிழ் இருக்க, உள்ளே அது இல்லாதது நமக்கு வியப்பளித்தது. நம்முடன் வந்திருந்த முதியவர், எங்கள் குடும்பத்து நன்னி, பட்டியலைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "எப்படிப் புடிச்சாலும் ஒண்ணுதான்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அடுத்து, நம் குடும்பங்கள் எவ்விடத்தும் கேட்டாக வேண்டிய வினாவைக் கேட்டோம். இங்கு மது பரிமாறப்படுவதில்லை என்பதை முன்னரே அறிந்துதான் சென்றோம். எனினும் பிரெஞ்சுச் சமையலில் குழம்புக்கும் இறைச்சி ஊறவைப்பதற்கும் திராட்சை மது சேர்ப்பது வழக்கம். கொதித்தால் மது முழுதும் ஆவியாகிவிடும் என்பது பலர் நம்பும் கருத்து. உண்மையில் ஒரு பகுதி எஞ்சியே நிற்கும். முழுதும் போய்விட்டாலும் சேர்த்தது சேர்த்ததுதான் என்பது நம் நிலை. பரிமாறிய இளைஞர் முகம் சுளிக்கவில்லை. "உள்ளே கேட்டுட்டு வந்து சொல்றேன் ஐயா" என்று சென்றவர், திரும்பி வந்து, இரண்டு இறைச்சி உணவுகளில் மது உண்டு என்றும், கோழியும் அதே சட்டியில் ஆகிறது என்றும், மீன் தனிச் சட்டியில் வெண்ணெயும் எலுமிச்சையும் மட்டும் சேர்த்து ஆகிறது என்றும் ஒளிக்காமல் சொன்னார். இறைச்சி ஹலால் முறையில் அறுக்கப்பட்டதா என்பதற்கு, "தெரியாது ஐயா" என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன அந்நேர்மை, சுவரில் ஒட்டப்படும் பச்சைச் சான்றிதழினும் நமக்கு மதிப்புடையதாகத் தோன்றியது. மீனையே உண்டோம்.

அம்மீனின் மேல் 'வடூவான்' என்றொரு மசாலா தூவப்பட்டிருந்தது. பாரிஸ் சமையலறைகளில் புகழ்பெற்ற பொருள் என்று பட்டியல் கூறியது. ஒரு வாய் உண்டதும் நன்னி, "இது நம்ம வடவம்ல?" என்றார். உண்மையே. வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, வெந்தயம், சீரகம் முதலியவற்றைப் பிசைந்து உருட்டி வெயிலில் உலர்த்தி, நம் வீட்டுப் பானைகளில் ஆண்டுமுழுதும் வைத்துத் தாளிக்கும் வடகம்தான், பிரெஞ்சு நாவில் வடூவான் ஆகிக் கப்பலேறி, இப்போது வேறு விலையில் திரும்பி வந்திருக்கிறது. மீன் பதமாக வெந்திருந்தது. வடகத்தின் மணமும் கெடவில்லை. அளவு மட்டும் சிறிது. மூவர் உண்டு எழுந்தபின் வீட்டில் கஞ்சி காய்ச்ச வேண்டியிருந்தது. பில்லில் சேவைக் கட்டணம் தானாகச் சேர்க்கப்பட்டிருந்தது. அங்ஙனம் சேர்க்கலாகாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் நெறிமுறை வகுத்தது. தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதனை உறுதி செய்தது. இதனைச் சொன்னவுடன் மறுக்காமல் நீக்கிக் கொடுத்தார்கள். சொல்லாதவர்களிடம் வாங்கிக்கொண்டிருப்பார்கள் என்பதும் வெளிப்படை.

இரண்டாவது, நூறடிச் சாலைப் பக்கம் திறக்கப்பட்ட பெரியதொரு மந்திக் கூடம். மந்தி என்பது ஏமன் நாட்டு ஹளரமௌத் பகுதியின் உணவு. நிலத்தில் தோண்டிய ஆழ்ந்த அடுப்பில் இறைச்சியைத் தொங்கவிட்டு மூடி, அதன் சாறு கீழே வேகும் அரிசியில் சொட்டும்படி சமைப்பர். ஹைதராபாத்தில் நிஜாமின் படையில் பணியாற்றிய ஹளரமிகள் குடியேறிய பார்க்கஸ் பகுதி இவ்வுணவுக்குப் பெயர்பெற்றது. வளைகுடா நாடுகளுக்குச் சென்று திரும்பிய நம் சகோதரர்களின் நாவிலும் இச்சுவை ஏறிவிட்டது.

விளம்பரப் பலகை, ஒரே தட்டில் கூடி உண்ணும் அரபுப் பண்பாட்டைப் புதுவைக்கு முதன்முதலாகக் கொண்டு வந்திருப்பதாகப் பெருமை பேசுகிறது. நமக்குச் சிரிப்பு வந்தது. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் கலியாண வீடுகளில் சஹனைச் சுற்றி அமர்ந்து, நெய்ச்சோற்றையும் ஆணத்தையும் கூடி உண்பது நம் முன்னோர் வழக்கு. ஏழையும் செல்வரும் ஒரே தட்டில் கை வைப்பதே அதன் கருத்து. புதிய கூடத்தில் தட்டு பெரிது, கருத்து காணவில்லை. மூவராகச் சென்ற நாம் நால்வர்க்குரிய தட்டைத்தான் வாங்க வேண்டும் என்றார்கள், சிறியது இல்லை. சுற்றிலும் மேசைகளில் பாதிச் சோறு எஞ்சிக் கிடந்தது. எடுத்துச் சென்று குப்பைக் கூடையில் கொட்டுவதையும் கண்டோம். இருவர் உணவு மூவர்க்குப் போதும் என்று கற்பிக்கப்பட்ட சமுதாயத்தின் கடையில், மூவர்க்கு நால்வர் உணவை விற்றுப் பாதியைக் கொட்டுவது எந்தப் பண்பாடு?

சமையலைப் பற்றிச் சொன்னால், இறைச்சி நன்கு மென்மையாக வெந்திருந்தது. அரிசியில் மஞ்சளும் சிவப்புமாகப் பூசிய நிறம் தேவையற்றது. நிறத்தின் அடியில் சாற்றின் சுவை போதுமானதாக இல்லை. இதனினும் வருந்தத்தக்கது, பெண்களுக்கென ஒதுக்கிய அறை. ஆண்கள் அமரும் பெருங்கூடத்தில் குளிர்சாதனம். திரையிட்ட 'குடும்ப அறை'யிலோ ஒரு மின்விசிறி, அதுவும் சுழலவில்லை. கை கழுவும் இடம் கூடத்தின் மறுகோடியில். மறைவு வேண்டுமென்று கேட்கும் பெண்களுக்கு மறைவோடு புழுக்கத்தையும் சேர்த்துக் கொடுப்பது மரியாதை ஆகாது. பர்தாவைப் பேணும் நம் தாய்மாரும் மற்றவர் கொடுக்கும் அதே காசைத்தான் கொடுக்கிறார்கள். இதனை நம் சமுதாயத்தைச் சார்ந்த உரிமையாளர்கள் சிந்திக்க வேண்டும்.

மூன்றாவது உணவகத்துக்குச் செல்லுமுன் ஒரு நாவலை நினைவுகூர வேண்டும். கனடா நாட்டு எழுத்தாளர் யான் மார்ட்டெல் எழுதி 2001இல் வெளிவந்து, மறு ஆண்டு புக்கர் பரிசு பெற்ற 'லைஃப் ஆஃப் பை' நாவலின் முன்னுரை, புதுவை நேரு வீதியின் இந்தியன் காபி ஹவுஸில் தொடங்கும் ஒரு சந்திப்பைச் சொல்கிறது. 2012இல் ஆங் லீ அதனைத் திரைப்படமாக்கினார். அந்நாவலின் சிறுவன் முஸ்லிம்கள் வாழும் வீதிக்குள் வருகிறான். அங்கே எளிய ரொட்டி சுடும் ஒருவரைச் சந்திக்கிறான். தொழுகை அழைப்பு கேட்டதும் அவர் பேச்சை நிறுத்திவிட்டு அங்கேயே தொழுகிறார். முதன்முறை பார்த்தபோது சிறுவனுக்கு அது ஏதோ உடற்பயிற்சியாகத் தோன்றுகிறது. திரும்பத் திரும்ப வந்த பின்னரே அந்த ரொட்டிக்காரர் ஒரு ஞானி என்பதை உணர்கிறான். கதைதான், எனினும், முதற் பார்வையில் தட்டுப்படாதது மறுமுறை வந்தவனுக்குத் தென்பட்டது என்பது கவனிக்கத்தக்கது. முல்லா வீதியின் அருகிலேயே வாழும் நமக்கு அது தென்படவில்லை.

மூன்றாவது கடை ஐந்தே மேசைகள் கொண்டது. சவூதியில் பதினெட்டு ஆண்டுகள் உழைத்துத் திரும்பிய ஒருவர், தம் சேமிப்பைக் கொண்டு, வீட்டின் முன்கட்டிலேயே தொடங்கியிருக்கிறார். சமையல் அவர் மனைவியுடையது. திறந்த மூன்றாம் நாள் சென்றோம். இடியாப்பம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தது. கோழி ஆணத்தில் உப்பு மிகுந்து நாவை அறுத்தது. உணவு வருவதற்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஆட்டுக்கால் பாயா கேட்டபோது உரிமையாளரே வந்து, "பாயா இன்னும் சரியா வேகல பாய், இன்னிக்கு வேணாம்" என்று கைகூப்பினார். அந்தச் சொல்லின் மதிப்பை அன்று நாம் அறியவில்லை.

மறுநாள் வெள்ளி. பள்ளிவாசல் வாயிலில் நண்பர் ஒருவர் வழக்கமான வினாவைக் கேட்டார். "சோத்துக்கடை இல்லை, உப்புக்கடை" என்றோம் நாம். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நமக்கும் அச்சொல் அழகாகவே பட்டது.

ஒரு மாதம் கழித்து, இக்கட்டுரையின் பொருட்டு மீண்டும் சென்றோம். கடையில் நம்மைத் தவிர எவரும் இல்லை. ஆணம் அன்று செம்மையாக இருந்தது. காரணம் கேட்டோம். முன்பெல்லாம் ஆட்கள் வருவார்கள் என்று ஆணத்தை அடுப்பிலேயே வைத்திருந்தார்களாம். நேரம் ஆக ஆக நீர் வற்ற, இட்ட உப்பு ஏறிக்கொண்டே போயிருக்கிறது. ஆறு பேருக்குச் சமைத்த கைக்கு அறுபது பேருக்கான அடுப்பு அப்போது பழகவில்லை. இப்போது அளவாக வைத்து இறக்கி விடுகிறார்கள். பின்னர் அவர் சொன்னார்: "யாரோ ஒருத்தர் உப்புக்கடைன்னு பேரு வெச்சுட்டாங்க பாய். ஊரு முழுக்க அதே பேரு. வலீமா ஆர்டர் ரெண்டு வந்தது, ரெண்டும் போச்சு."

வாயில் வைத்த சோறு உள்ளே இறங்கவில்லை. நன்னி நம் முகத்தைப் பார்த்தார். மறைப்பதற்கு வழியில்லை, அந்தப் பெயரை வைத்தவர் நாமே என்று சொன்னோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், "இன்னிக்கு உப்பு எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டார். சரியாக இருக்கிறது என்றோம். "அப்ப அதையும் சொல்லுங்க" என்று கூறி உள்ளே சென்றார்.

ஒருவருக்கொருவர் இழிபெயர் சூட்டிக்கொள்ளாதீர்கள் என்பது குர்ஆனின் 49ஆம் அத்தியாயத்தின் 11ஆம் வசனம் தரும் கட்டளை. அதனை மனிதர்களைப் பற்றியது என்று மட்டுமே கருதியிருந்தோம். ஒரு குடும்பத்தின் கடைக்குச் சூட்டும் பெயர் அக்குடும்பத்துக்கே சூட்டும் பெயர்தான். தானியக் குவியலுள் கை நுழைத்த நபிகளார் (ஸல்) வணிகரிடமே நேரில் கேட்டார்கள், விளக்கத்தையும் செவிமடுத்தார்கள், திருத்தும் வழியையும் சொன்னார்கள். நாமோ கடைக்காரரிடம் ஒரு சொல்லும் சொல்லாமல் காசைக் கொடுத்து எழுந்து வந்து, அவர் இல்லாத இடத்தில் சிரிப்பு மூட்டினோம். உப்பு மிகுந்திருந்தது என்பது உண்மை. உண்மையைச் சொன்ன இடமும் முறையுமே பிழை.

இவ்வனுபவத்திலிருந்து நாம் கண்ட முடிவு ஒன்று உண்டு. தமிழில் 'விருந்து' என்னும் சொல்லுக்குப் புதுமை என்பதே மூலப் பொருள். தொல்காப்பியமும் அப்பொருளில் அதனை ஆள்கிறது. புதிதாக வந்தவர் என்பதால்தான் வீட்டுக்கு வந்தவரையும் விருந்து என்றார்கள். அவ்வாறாயின், புதிதாகத் திறக்கப்பட்ட கடையும் நம் ஊருக்கு வந்த விருந்தே. விருந்தோம்பல் மூன்று நாள் என்பது நபிமொழி. ஆதலின், எந்தப் புதிய உணவகத்துக்கும் மூன்று முறை உண்ணும் அவகாசத்தை அளித்த பின்னரே அதன் சமையலைப் பற்றித் தீர்ப்புக் கூறுவது என்று உறுதி கொண்டுள்ளோம்.

அங்ஙனமாயின் முதல் நாளில் எதையுமே எடைபோடக் கூடாதா என்று கேட்கலாம். போடலாம்; போடவும் வேண்டும். சமையலின் பக்குவம் நாள்பட வருவது; நேர்மை முதல் நாளே இருக்க வேண்டியது. அடுக்களையின் தூய்மை, உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணை வாடிக்கையாளர் காணும்படி வைத்திருத்தல், ஹலால் பற்றிக் கேட்டால் தெளிவான மறுமொழி, பட்டியலில் உள்ள விலையே பில்லிலும் இருத்தல், பெண்களையும் முதியோரையும் நடத்தும் முறை, பரிமாறும் சிறுவர்களிடம் முதலாளி பேசும் பேச்சு: இவற்றுக்குப் பழக்கம் வேண்டியதில்லை, இவற்றில் குறை கண்டால் முதல் நாளே, முதலில் உரிமையாளரிடமே சொல்ல வேண்டும். அவர் திருத்தாவிடின் பிறரிடம் சொல்வதும் குற்றமாகாது.

இந்த அளவுகோலால் பார்த்தால் நம் தீர்ப்பு மாறிவிடுகிறது. வெள்ளை நகரத்து உணவகம் மறுமொழியில் நேர்மையானது. பில்லில் நேர்மை குறைந்தது. தமிழைச் சேர்த்துக்கொள்ள வேண்டியது. மந்திக் கூடம் சமையலால் தேறியது. பெண்களின் அறையாலும் வீணடிப்பாலும் தேறாதது. இரண்டுக்கும் இன்னும் இரண்டு முறை செல்ல எண்ணியுள்ளோம். மந்திக் கூடத்தின் மின்விசிறி அதற்குள் சுழலும் என நம்புகிறோம். முல்லா வீதிப் பக்கத்துச் சிறு கடையோ, வேகாத பாயாவை விற்க மறுத்த அந்த முதல் நாளிலேயே தேறிவிட்டது. அதனைக் காணத் தவறியது நம் கண்.

மூன்றாம் முறையும் அங்குச் சென்றோம். பாயா வெந்திருந்தது, எலும்பிலிருந்து சதை தானே கழன்று வந்தது. தேங்காய்ப்பால் திரியாமல், மிளகின் காரம் முன்னே நிற்க, தொட்டுக்கொள்ள ஏற்ற பதம். இடியாப்பம் உதிரியாக இருந்தது. உணவு வர இன்னும் அரை மணி நேரம் ஆகிறது. இதில் அவர்கள் திருந்த வேண்டும் என்பதை நேரிலேயே சொல்லிவிட்டோம். உப்பு அளவாக இருக்கிறது. பள்ளிவாசல் வாயிலில், முன்பு அந்தச் சொல்லைக் கேட்டுச் சிரித்த அன்பர்களிடமும் இதனைச் சொல்லி வருகிறோம். ஒருவரைத் தேடிச் சொல்லும்போது இன்னும் இருவர் அப்பழைய பெயரையே சொல்லக் கேட்கிறோம். வீட்டில் வலீமா நடத்தவிருக்கும் புதுவைக் குடும்பத்தார் அக்கடையில் ஒருமுறை உண்டு பார்த்துவிட்டு, பின்னர் முடிவு செய்யுமாறு வேண்டுகிறோம்.